எட்டாவது வள்ளல்

எனக்குச் சளி பிடித்தால் நான் முதலில் தேடுவது மாத்திரையை அல்ல, குற்றவாளியை. தும்மல் தொடங்கிய அரைமணி நேரத்துக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து இருமியவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கவுண்டரில் சலான் நீட்டிய வாடிக்கையாளர், இரண்டு நாள் தங்கி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் "லேசா தொண்டை கரகரங்குது மாப்ளே" என்று சொன்ன பெரிய மாமா. ஒருவரையும் மன்னித்ததில்லை. பெரிய மாமா மேல் உள்ள வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

இந்தத் துப்பறியும் திறமையில் ஒரு ஓட்டை உண்டு. எனக்குக் கொடுத்தது யார் என்று மட்டும்தான் அது கேட்கும். நான் யாருக்குக் கொடுத்தேன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் மனைவி பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. என் சார்பில் அந்தக் கணக்கை அவர்தான் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தார் போலிருக்கிறது. "பாரி முல்லைக்குத் தேர் குடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை குடுத்தான். வள்ளல்கள் ஏழோட நிறுத்திட்டாங்களே, எட்டாவதா உங்களைச் சேர்த்திருக்கலாம்" என்றார். கேட்டவர், கேளாதவர், வேண்டாம் என்று விலகியவர் எல்லோருக்கும் வாரி வழங்கியிருக்கிறேனாம். அவர் வாசித்த பட்டியலில் ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

முதல் வரி சளி. நான் வங்கியில் கேஷியர். காய்ச்சல், சளி என்று லீவு போடாத மனுஷன் என்று கிளையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கண்ணில் நீர் வழிய, மூக்கு சிவந்து, கைக்குட்டையும் கையுமாக நான் கவுண்டரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மேனேஜர் மற்றவர்களிடம், "அவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். பாவம், அவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் பாதிக் கிளை இருமியது.

சளிக்குக் காரணமான வைரஸ்கள் 200-க்கும் மேல். அவற்றில் முன்னால் நிற்பது ரைனோவைரஸ். அதில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள். ஒரு வகையை உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகினால் அடுத்த வகை வந்து கதவைத் தட்டும். அதனால்தான் அம்மையைப்போல ஒரு தடவையோடு சளி நம்மை விடுவதில்லை. உள்ளே புகுந்த ஒன்றிலிருந்து மூன்று நாளில் தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும். இதில் எனக்குச் சங்கடமான தகவல் ஒன்றுதான். மூக்கிலிருந்து வைரஸ் அதிகமாக வெளியேறுவது முதல் இரண்டு மூன்று நாட்கள். நான் வீரனாகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது சரியாக அந்த நாட்களில். அதற்குப் பிறகு, குரல் கட்டி, இருமல் கேட்பவர்களுக்கே நெஞ்சு வலிக்கிற மாதிரி ஆகும்போது, "இனி முடியாது" என்று லீவு போட்டு வீட்டில் படுப்பேன். கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஓய்வு.

வழங்கும் முறையும் எளிமையானது. மூக்கைத் துடைத்த கை, நோட்டைத் தொடும். நோட்டு வாடிக்கையாளர் கைக்குப் போகும். அவர் கை அவர் கண்ணுக்கோ மூக்குக்கோ போகும். மனிதர்கள் தங்கள் முகத்தைத் தொடாமல் பத்து நிமிஷம் இருக்கவே மாட்டார்கள் என்பதை கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரியும். நோட்டு எண்ண ஸ்பாஞ்சு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அது காய்ந்திருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றச் சோம்பல். நாக்கு பக்கத்திலேயே இருக்கிறது, எப்போதும் ஈரமாகவும் இருக்கிறது. மேற்கொண்டு நான் விளக்க விரும்பவில்லை.

இத்தனைக்கும், அபூர்வமாக ஆள் அகப்படாதபோது எனக்குச் சளி ஏன் வந்தது என்று கேட்டால், மழையில் நனைந்தேன், தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் விட்டேன், ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் என்பேன். மழைமேல் யாரும் வழக்குப் போட முடியாது, மழையும் என்மேல் போடாது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி ஊர்ப்பக்கம் 1946-ல் சளிக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கி, நாற்பது வருஷத்துக்கும் மேல் நடத்தினார்கள். விரும்பி வருகிறவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பதிலுக்கு மூக்கில் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். அங்கே சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, துடைக்காமல் காற்றோட்டமான நடைபாதையில் நிற்கவைத்தார்கள். பிறகு ஈரக் காலுறையோடு நடமாடவும் விட்டார்கள். வைரஸ் கொடுக்காமல் வெறுமனே நடுங்கவைத்தவர்களுக்குச் சளி வரவில்லை. நான் இந்தத் தகவலை மனைவியிடம் ஆச்சரியத்தோடு சொன்னபோது, "நான் கல்யாணமான வருஷத்திலேர்ந்து இதைத்தான் சொல்றேன், நீங்க இங்கிலாந்துக்காரன் சொன்னாத்தான் கேப்பீங்க" என்றார். குளிர்ந்த மூக்கில் ரைனோவைரஸ் இன்னும் சுறுசுறுப்பாகப் பெருகும் என்பது உண்மை. ஆனால் பெருகுவதற்கு முதலில் யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஐஸ்கிரீம் கொடுக்காது.

அடுத்தது மருந்துக்கடை. மூக்கிலிருந்து வருவது தண்ணீராக இருக்கும்வரை பொறுப்பேன். அது மஞ்சளாகிப் பச்சையானதும் எனக்குள் ஒரு டாக்டர் விழித்துக்கொள்வார். "தம்பி, போன தடவை குடுத்தியே, அந்த மூணு நாள் மாத்திரை" என்று கேட்டு அஸித்ரோமைசின் வாங்கி விழுங்குவேன். இரண்டு நாளில் மூக்கு தெளியும். ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போகிற சளி, போகிற நேரத்தில் நான் மாத்திரை போட்டேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வெற்றி முழுவதும் மாத்திரைக்கே. சந்தோஷத்தில் மூன்றாவது மாத்திரையை விழுங்காமல் ஷேவிங் சாமான் டப்பாவில் அடுத்த சளிக்காகச் சேமித்தும் வைப்பேன்.

பச்சை நிறம் பாக்டீரியாவின் கொடி அல்ல. சண்டைக்கு வந்த வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம் அது. வைரஸ் சளியிலும் அப்படித்தான் ஆகும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் போய் அடிப்பது பாக்டீரியாவின் செல் சுவரையோ, அது புரதம் தயாரிக்கும் பட்டறையையோ. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்தப் பட்டறையும் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து நம் பட்டறையிலேயே வேலையை முடித்துக்கொள்ளும். ஆக, நான் விழுங்கிய மாத்திரை சளி வைரஸைத் தொடவே இல்லை. என் குடலிலும் தொண்டையிலும் பேசாமல் கிடந்த பாக்டீரியாக்களில் சிலவற்றைக் கொன்று, தாக்குப்பிடிக்கத் தெரிந்தவற்றை மிச்சம் விட்டது. அவையும் என்னோடு தங்கிவிடுவதில்லை. என் கை வழியாக, என் டம்ளர் வழியாக வீட்டுக்கும் வெளிக்கும் போகும். வள்ளல் பட்டியலில் இதையும் சேர்த்தபோது எனக்குக் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. மனைவி விடவில்லை.

மெட்ராஸ் ஐ வந்தபோது நான் உண்மையிலேயே பொறுப்பாக நடந்துகொண்டேன் என்று நம்பினேன். 1918-ல் மதராசில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் என்பார்கள். பெரும்பாலும் அடினோவைரஸ் வேலை. யாருக்கும் பரப்பக் கூடாது என்று நல்லதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். கண்ணோடு கண் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரிடமும் நிமிர்ந்து பேசவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் நாகரிகத்தைப் பாராட்டிவிட்டு, நான் கண்ணைக் கசக்கிய கையாலேயே எடுத்து நீட்டிய பேனாவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கவுண்டரில் நூல் கட்டி வைத்திருக்கும் அந்தப் பேனா யார் கையிலும் நிற்காது, எல்லோர் கைக்கும் போகும். பார்வையால் மெட்ராஸ் ஐ பரவாது. கை, துண்டு, தலையணை உறை, ஒரே சொட்டு மருந்துப் புட்டி, இவற்றால் பரவும். அடினோவைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் காய்ந்த பரப்பில் நாள்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும், சானிடைசருக்கும் சுலபத்தில் மசியாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் வழி. நான் கண்ணாடியைத்தான் நாளைக்கு நாலு தடவை கழுவினேன். வீட்டில் துண்டு பொது. மகனுக்குப் பரீட்சை. மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

இவையெல்லாம் சில்லறை. பட்டியலில் இருந்த ஒன்றை மட்டும் சிரித்துக் கடக்க என்னால் இன்றும் முடியவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது சித்தி மகள் கல்யாணம். முதல்நாள் ராத்திரி எனக்கு லேசான காய்ச்சல், உடம்பு அசதி. கல்யாண வீட்டில் அதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? பந்தி பரிமாறினேன், மாப்பிள்ளையோடு ஒரே அறையில் சீட்டாடினேன், அவர் குடித்து வைத்த சோடாவில் பாதியைக் குடித்தேன். ஊர் திரும்பிய மறுநாள் நெஞ்சில் நாலைந்து கொப்புளம். சின்னம்மை. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது. யாரும் உள்ளே வரக் கூடாது, நானும் வெளியே போகக் கூடாது. வேப்பிலைக்கு வைரஸ் பயப்படுகிறதோ இல்லையோ, ஊர் பயந்தது. கதவைச் சாத்தி ஆளை ஒதுக்கும் ஏற்பாடு என்ற அளவில் அது மிகச் சரியான ஏற்பாடு. ஒரே குறை, சின்னம்மை வைரஸ் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூச்சுக்காற்றோடு புறப்பட்டுவிடும். அம்மா வேப்பிலை செருகியபோது என்னுடையது ஏற்கெனவே கல்யாண மண்டபத்தில் மொய் வைத்துவிட்டிருந்தது.

உடம்பில் புகுந்த பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அது வெளியே தெரியும். அப்படித்தான் இரண்டு வாரம் கழித்துப் புதுமாப்பிள்ளைக்கு அம்மை போட்டது. பெரியவர்களுக்கு வந்தால் குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும். அவர் மிகவும் கஷ்டப்பட்டார். இடையில் அத்தனை நாள் ஓடிவிட்டதால் என்னை யாரும் நினைக்கவில்லை. "பொண்ணு வந்த நேரம்" என்றார்கள் அந்த வீட்டில். சித்தி மகள் புகுந்த வீட்டுக்குப் போன முதல் மாதமே அந்தப் பேச்சைக் கேட்டாள். அம்மை எப்படித் தொற்றும், எத்தனை நாளில் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணமான பிறகு மனைவியின் பாடப் புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. "அந்த நேரம் நான்தான் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வந்தது போன பொங்கலுக்குத்தான். அவளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். "போடா, அப்பவே சொல்லியிருந்தா மாமியாருக்குப் பதில் சொல்லியிருப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

அந்த வைரஸ் என்னையும் விடவில்லை. சின்னம்மை ஆறினாலும் அது உடம்பை விட்டுப் போகாது, நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொள்ளும். எதிர்ப்பு தளரும் வயதில் ஒரு நரம்பின் வழியே வெளியே வரும். அதுதான் அக்கி. இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், பிறகு கொத்தாகக் கொப்புளம். நான் நேரே ஊருக்குப் போய், மண்பானை செய்பவரிடம் அக்கி எழுதிக்கொண்டேன். செங்காவியைக் குழைத்துச் சிங்கம் வரைந்தார். குளுகுளு என்று இருந்தது, சிங்கமும் கம்பீரமாகத்தான் இருந்தது, அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. குறை என் கணக்கில். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நான் டாக்டர் முன்னால் சட்டையைத் தூக்கியபோது சிங்கம் உதிரத் தொடங்கியிருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்க நான் கை நீட்டியபோது மனைவி நடுவில் வந்து நின்றார். எனக்கு அன்று கோபம்.

டெங்குவைப் பற்றி நான் ஒரு காலத்தில் மாநகராட்சிக்கு மனு மேல் மனு எழுதியவன். தெருமுனைச் சாக்கடையால்தான் ஊருக்கே காய்ச்சல் என்று வாதாடினேன். ஒரு நாள் கொசு ஒழிப்புப் பணியாளராக ஓர் அம்மா வந்தார். "சாக்கடையை அப்புறம் பாக்கலாம் சார், ஃபிரிட்ஜைக் கொஞ்சம் இழுங்க" என்றார். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே வளைந்து நெளிந்துகொண்டு ஒரு கூட்டம். "எல்லாம் உங்க வீட்டுப் பிள்ளைங்கதான்" என்றார். ஏடிஸ் கொசு சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே விரும்பும், பகலில் கடிக்கும், பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. அதன் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே தட்டைக் கவிழ்த்தால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் தெருவில் காய்ச்சலில் படுத்தவர்கள் எல்லோரும் அந்தச் சில நூறு மீட்டருக்குள்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் மனு எழுதவில்லை.

எனக்கும் வந்தது. உடம்புவலிக்கு என்று நான் எடுத்த இபுப்ரோஃபெனை மனைவி பிடுங்கினார். டெங்குவில் ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். காய்ச்சல் இறங்கிய காலை, "சரியாப் போச்சு" என்று நான் சட்டை மாட்டினேன். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தான கட்டம் என்று அவர் சட்டையையும் பிடுங்கினார். பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொன்னதற்குத்தான் நான் அதிகம் சண்டை போட்டேன். "எனக்குத்தான் வந்தாச்சே, இனிமே கொசு கடிச்சா என்ன?" என்று கேட்டேன். "உங்களைக் கடிச்ச கொசு அடுத்து யாரைக் கடிக்கும்?" என்றார். மறுபடியும் எனக்குத் தோன்றாத அதே கேள்வி.

கொரோனா காலத்தில் முகக்கவசத்தை நான் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு திரிந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. உங்களில் பலரும் அங்கேதான் இருந்தீர்கள்.

கெட்ட எண்ணத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் தொல்லை. எல்லாம் மரியாதைக்காகச் செய்தது. லீவு போட்டால் மேனேஜர் என்ன நினைப்பார், கல்யாணத்துக்குப் போகாவிட்டால் சித்தி என்ன நினைப்பாள், சாவுக்குப் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும். "ஒரு எட்டு தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்புவோம். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும். அந்த ஒரு நாளுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகும் நம்மைக் கிளப்பிக்கொண்டு போவது வைரஸ் அல்ல, வராதவர் பட்டியலில் பெயர் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பட்டியலை வைத்திருப்பதும் நாம்தான். என் மகன் கல்யாணத்துக்கு வராத ஒரு நண்பரிடம், "அப்படி என்ன பெரிய காய்ச்சல்?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் நெருங்கிய சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களைவிடச் சிக்கல் அதிகம். அன்றைக்கு எனக்குத் தொண்டை கரகரத்தாலும் நான் வரமாட்டேன். செய்முறைப் பணம் போன் வழியாக வந்துவிடும், கட்டுச்சோற்றை யாராவது கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வேன். சம்பந்தப்பட்டவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரிய மாமாவுக்கும் இதையே சொல்லிவிடுங்கள்.